தன் கையே தனக்குதவியோ?

"தன் கையே தனக்குதவி" என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பிறரை எதிர்பார்த்துச் சோம்பிக் கிடப்போர்க்கு அஃது ஒரு நன்மருந்தாம். ஆயினும், எல்லா நோய்க்கும் ஒரே மருந்து பயன்படாதவாறு போல, எல்லா வினைக்கும் அப்பழமொழி ஒன்றே வழிகாட்டியாகாது. எவ்விடத்தில் தன் கை உதவும், எவ்விடத்தில் பிறர் கையை நாடுதல் அறிவுடைமை என்று பகுத்துணர்தலே கற்றவர்க்கு அழகு. இதனை, இந்நாளில் இளைஞரும் முதியோரும் ஒருங்கே ஆர்வத்தோடு பேசிவரும் ஒரு பொருளின் வாயிலாக ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். அப்பொருள், பழைய மோட்டார் வண்டியின் உடற்கூட்டைப் புதுக்குதல் என்பது.

பழைய வண்டிகளின்மீது நம்மவர்க்குள்ள அன்பு சிறிதன்று. பாட்டனார் வாங்கிய அம்பாசடர், பெரியப்பா ஓட்டிய பியட், மாமா விற்க மனமின்றி நிறுத்திவைத்த ஹெரால்டு என்று, வீட்டுக் கொல்லைகளிலும் தோட்டத்துக் கொட்டகைகளிலும் உறங்கிக்கிடக்கும் வண்டிகள் பல. அவற்றை மீண்டும் எழுப்பி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் பேரப் பிள்ளைகளின் உள்ளத்தில் எழுதல் இயல்பே. அவ்வண்டிகளின் எஞ்ஜினைப் பற்றி மிகுந்த கவலை வேண்டுவதில்லை. அதனைக் கழற்றிப் பழுது பார்க்க வல்ல முதிய மெக்கானிக்குகள் இன்னும் நம் ஊர்களில் உளர். பட்டறைகளில் 'பாடி' என வழங்கும் உடற்கூடு துருவேறிக் கிடப்பதைக் காணும்பொழுதுதான் வினா பிறக்கின்றது. இதனை நாமே செப்பனிடுவதா, அன்றித் தொழிலாளர் கையில் ஒப்புவிப்பதா?

இவ்வினாவிற்கு இருவகையாக விடை கூறுவர். ஒரு சாரார், "நம் பொருளை நாமே செப்பனிடுவதிலுள்ள இன்பம் வேறெதிலும் இல்லை, கருவிகள் விலைக்குக் கிடைக்கின்றன, கற்பிக்கும் நூல்களும் காணொளிகளும் மலிந்துள்ளன, பின்னர்த் தயக்கம் எதற்கு?" என்பர். மற்றொரு சாரார், "தச்சன் வேலையைத் தச்சனும் கொல்லன் வேலையைக் கொல்லனும் செய்தலே முறை, ஏடு பிடித்த கை சுத்தியல் பிடித்தால் ஏடும் கெடும், தகடும் கெடும்" என்பர். முன்னவர் கூற்றில் ஊக்கம் உண்டு, அளவறிதல் இல்லை. பின்னவர் கூற்றில் எச்சரிக்கை உண்டு. ஆயின், கைத்தொழிலைத் தாழ்வாக எண்ணும் பழங்குறை ஒன்றும் அதன்கண் மறைந்து நிற்கின்றது.

இருவரும் உடற்புதுக்கத்தை ஒரே வேலையாக எண்ணுகின்றனர். அஃது ஒரு வேலையன்று. கழற்றுதல், துலக்குதல், துருவகற்றுதல், நசுங்கிய தகட்டை நிமிர்த்துதல், கெட்ட தகட்டை வெட்டுதல், புதுத் தகடு வளைத்தல், வெல்டிங் செய்தல், பட்டி பார்த்தல், உப்புத்தாள் தேய்த்தல், வர்ணம் பூசுதல், மீண்டும் கோத்தல் எனப் பல தொழில்களின் தொகுதியாகும். இவற்றுள் எது நமக்குரியது, எது தொழிலறிந்தார்க்குரியது என்பதை நம் விருப்பத்திற்கு விட்டுவிடலாகாது. வண்டியின் அமைப்பும், துரு பிடித்த இடமும், நம் ஆற்றலின் அளவுமே அதனைத் தீர்மானித்தல் வேண்டும். இதுவே எனது கருத்து. இதனை ஒவ்வொன்றாக விளக்குவேன்.

முதற்கண் வண்டியின் அமைப்பை நோக்குவோம். மோட்டார் வண்டிகள் தோன்றிய காலத்தில், ஏணி போன்ற ஓர் இரும்புச் சட்டத்தின்மேல் எஞ்ஜினும் சக்கரங்களும் பொருத்தப்பட்டன. அதன்மேல், குதிரை வண்டிக்குக் கூண்டு வைப்பதுபோல, உடற்கூடு தனியே வைத்து முடுக்கப்பட்டது. பாரம் முழுவதையும் சட்டமே தாங்கிற்று. 1922-ஆம் ஆண்டில் இத்தாலிய லான்சியா நிறுவனத்தார் வெளிப்படுத்திய லாம்ப்டா வண்டியும், 1934-இல் பிரெஞ்சு நாட்டுச் சித்ரோயன் நிறுவனத்தார் வெளியிட்ட முன்சக்கர இயக்க வண்டியும் இம்முறையை மாற்றின. தனிச் சட்டத்தை ஒழித்து, உடற்கூட்டையே பாரந்தாங்கியாக அமைத்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இம்முறை எங்கும் பரவிற்று.

நம் நாட்டில் எவரும் அறிந்த அம்பாசடர் இவ்வகையைச் சேர்ந்ததே. இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியைத் தழுவி, வங்காளத்து உத்தரபாராவில் அதனைச் செய்துவந்தனர்; அவ்வுற்பத்தி 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றுபோயிற்று. பம்பாயில் பிரீமியர் நிறுவனத்தார் செய்த பியட் 1100 வண்டியும் இவ்வகையினதே. இவற்றில் தரைத் தகடும், கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டித்தகடும், கதவுத் தூண்களும், கூரையும் ஒன்றோடொன்று கூடிப் பாரத்தைப் பகிர்ந்து தாங்குகின்றன. முட்டையோடு தன் வடிவினாலேயே வலிமை பெறுவது போன்றது இது. ஆகையால், இவ்வகை வண்டியில் கீழ்ப்பெட்டித்தகட்டை ஆராயாது வெட்டுவோர், வீட்டின் தூணை வெட்டிவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்ப்பவரை ஒப்பர். வெட்டிய அளவில் வண்டி நடுவே தாழும். பின்னர் எத்துணைச் சிறந்த தகட்டை வைத்து இணைத்தாலும் கதவு தன் வாயிலிற் பொருந்தாது.

இவற்றிற்கு மாறாக, நம் சென்னையில் உருவான வண்டியொன்றை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்தார் 1959-ஆம் ஆண்டில் டிரையம்ப் ஹெரால்டு என்னும் சிறு வண்டியை வெளியிட்டனர். அதற்கு வடிவம் வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. பிறரெல்லாம் ஒற்றைக் கூட்டு முறைக்கு மாறிவிட்ட அந்நாளில் இவர்கள் பழைய தனிச் சட்ட முறைக்கு மீண்டதற்குக் காரணம் உண்டு. இவர்களுக்கு உடற்கூடு செய்து தந்த ஃபிஷர் அண்டு லட்லோ ஆலை 1953-ஆம் ஆண்டில் போட்டியாளரான பி.எம்.ஸி. நிறுவனத்தின் கைப்பட்டது. முழுக் கூட்டையும் ஒருங்கே அழுத்தித் தர வேறு ஆலை வாய்க்காமையால், பகுதி பகுதியாகச் செய்வித்துச் சட்டத்தின்மேல் மரையாணிகளாற் பிணைக்கும் முறையை மேற்கொண்டனர். பகுதிகளாகக் கப்பலேற்றி அயல்நாடுகளிற் கோப்பதற்கும் அம்முறை வாய்ப்பாயிற்று. 1961-ஆம் ஆண்டு முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா நிறுவனத்தார் சென்னையில் அதனை 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்னும் பெயரால், 948 கன சென்டிமீட்டர் எஞ்ஜினோடு செய்து விற்றனர்.

இவ்வண்டியின் முன்புறம் முழுவதும், மட்கார்டுகள் உட்பட, ஒரே மூடியாக முன்னோக்கிச் சாயும். கூரை, மரையாணிகளைக் கழற்றியவுடன் தனியே வரும். உடலின் முன்பகுதியும் பின்பகுதியும் தனித்தனியே பிரியும். ஒரு பகுதி கெட்டால் அதை மட்டும் கழற்றித் திண்ணையில் வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். அவ்வேலையிற் பிழை நேரினும் வண்டியின் முதுகெலும்பு முறிவதில்லை. எனவே, சொந்தக் கையால் உடற்புதுக்கம் பழக விரும்புவோர்க்கு ஹெரால்டு அளிக்கும் இடம் அம்பாசடர் அளிப்பதினும் பெரிது. எனினும், ஹெரால்டிலும் அடிச்சட்டத்தினின்று பக்கவாட்டில் நீளும் கைகள் துருவேறும் இயல்பின. அவை பாரந்தாங்கும் உறுப்புகள். அங்கே அம்பாசடருக்குரிய எச்சரிக்கையே இதற்கும் வேண்டும். ஒருவர் தம் வண்டி எவ்வகையினது என்பதை அறியாமலே 'நானே செய்வேன்' என்றோ, 'என்னால் ஆகாது' என்றோ கூறுவது ஆழமறியாமற் காலைவிடுவதற்கும், ஆழமே இல்லாத ஓடையைக் கண்டு அஞ்சி நிற்பதற்கும் ஒப்பாம்.

இரண்டாவதாக நோக்கத்தக்கது துரு. இரும்பும், நீரும், காற்றிலுள்ள பிராணவாயுவும் கூடுமிடத்து அது பிறக்கின்றது. உப்பு அதனை விரைவுபடுத்துகின்றது. கடற்கரையூர்களில் நிறுத்திவைத்த வண்டி உள்நாட்டு வண்டியினும் விரைவில் அழிவதற்குக் காரணம் இதுவே. துருவானது தான் தின்ற இரும்பைவிட மிகுந்த இடத்தைக் கொள்ளும் இயல்புடையது. இரு தகடுகள் கூடும் இணைப்பிற் புகுந்தால், ஆலம்வேர் சுவரைப் பிளப்பதுபோல் அவ்விணைப்பைப் பிதுக்கிப் பிளக்கும். அன்றியும், அது பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வருவது. வர்ணத்தின்மேல் மிளகளவு கொப்புளம் தோன்றினால், உள்ளே தகடு உள்ளங்கையளவு அரிக்கப்பட்டிருத்தல் கூடும்.

ஆகவே, முடிவு செய்வதற்கு முன்னே சோதனை வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியிற் சுற்றி உடல் முழுதும் நகர்த்துக. அது பற்றாமல் வழுக்கும் இடத்தில் தகட்டிற்கு மேலே பட்டி கனமாகக் கிடக்கின்றது என்று அறியலாம். விரல் முட்டியால் தட்டுக. நல்ல தகடு கணீரென்னும், பட்டி மொத்தென்னும். தரைவிரிப்பை அகற்றிக் காலடித் தகட்டை நோக்குக. டிக்கியின் அடித்தளத்தையும், மழைநீர் தங்கும் மூலைகளையும், கதவின் அடிவிளிம்பையும் மழுங்கிய திருப்புளியால் அழுத்துக. கதவைத் திறந்து மெல்லத் தூக்குக. கீலோடு தூணும் சேர்ந்து அசையுமாயின் நோய் ஆழமானது. வண்டியின் அடியிற் புகுமுன், ஜாக்கியை மட்டும் நம்பாது, உறுதியான தாங்கிகளை நாட்டுதல் வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியதன்று.

இச்சோதனையின் பயனாகக் குற்றங்களை நான்காகப் பகுக்கலாம். வர்ணத்தின் அடியிற் படர்ந்த மேற்றுரு ஒன்று. தகடு கெடாமல் நசுங்கிய நசுக்கம் இரண்டு. மட்கார்டு, கதவு போன்ற வெளித்தகட்டில் விழுந்த துளை மூன்று. பாரந்தாங்கும் உறுப்புகளில் நேர்ந்த அரிப்பு நான்கு. முதலது பொறுமையுள்ள எவரும் தாமே தீர்க்கத்தக்கது. இரண்டாவதும் மூன்றாவதும் பயின்றவர் தீர்க்கத்தக்கன. பயில விரும்புவோர் முயலத்தக்கன. நான்காவது, தொழிலைப் பல்லாண்டு செய்தவர்க்கே உரியது. ஏனெனில், முதல் மூன்றிலும் பிழை நேர்ந்தால் கண்ணுக்குத்தான் அழகு குறையும்; நான்காவதிற் பிழை நேர்ந்தால் வண்டியில் அமர்ந்தோர்க்கும், சாலையில் நடப்போர்க்கும் உயிர்க்கேடு விளையும். நம் பணமும் நம் பொழுதும் நம்முடையன. அவற்றை வைத்து விளையாட நமக்கு உரிமை உண்டு. பிறர் உயிரை வைத்து விளையாட எவர்க்கும் உரிமை இல்லை.

மூன்றாவது நம் ஆற்றல். ஆற்றல் என்பது கைத்திறம் மட்டுமன்று. பொழுது, இடம், பொருள் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். முழு உடற்புதுக்கம் ஆயிரம் மணி நேரத்தையும் எளிதில் விழுங்கவல்லது. அலுவலிலோ படிப்பிலோ இருப்பவர் ஒருவர் வாரந்தோறும் 6 மணி நேரம் தவறாமல் ஒதுக்கினாலும் ஆண்டிற்கு 312 மணி நேரமே ஆகும். ஆயிரம் மணி நேரத்திற்கு மூன்று ஆண்டிற்கு மேற் செல்லும். அம்மூன்றாண்டும் மழை புகாத இடம் வேண்டும். கழற்றிய உடல் வண்டியினும் இருமடங்கு இடத்தை அடைக்கும். வர்ணம் நீக்கிய வெற்றுத் தகட்டை ஒரு மழைக்காலம் மூடாது விட்டால், அகற்றிய துரு முழுவதும் திரும்பி வரும். திருமணம், மாற்றல், தேர்வு, நோய் என்று இடையூறுகள் வந்தவண்ணமிருக்கும். அரைகுறையாகக் கழற்றப்பட்டு, ஆணிகள் ஒரு டப்பாவிலும் கண்ணாடிகள் பரணிலுமாகச் சிதறி, ஈற்றிற் காயலாங்கடையை அடைந்த வண்டிகளை நம்மிற் பலர் கண்டிருப்பர். துருவினால் மாண்ட வண்டிகளோடு, தொடங்கியவரின் ஊக்கம் தீர்ந்தமையால் மாண்டவற்றையும் எண்ணவேண்டும்.

இத்தடைகளைக் கேட்டு, 'எல்லாவற்றையும் பட்டறையில் விட்டுவிடுவோம்' என்று கைகழுவுதலும் நன்றன்று. தாமே செய்யத்தக்கனவும், தாமே செய்தாலன்றிச் செவ்வனே நடவாதனவும் பல உள. அவற்றுள் முதலது கழற்றுதல். ஒவ்வொரு பகுதியையும் கழற்றுமுன் படம் பிடித்து, கழற்றியபின் ஆணிகளைத் தனித்தனிப் பையிலிட்டுப் பெயரெழுதி வைக்கும் பொறுமை, நாட்கூலிக்கு வேலை செய்பவரிடம் எதிர்பார்க்கத்தக்கதன்று. உடையவரிடமே அது அமையும். அடுத்தது துலக்குதல். அடித்தளத்திற் படிந்த பழைய தாரையும் சேற்றையும் சுரண்டுதல் அறிவை வேண்டாது உழைப்பை மட்டும் வேண்டும் வேலை. அதனைக் கூலிக்குச் செய்விப்பது வீண்செலவு. தாமே செய்வாரோ, தம் வண்டியின் ஒவ்வொரு விரலளவையும் அறிந்துகொள்கின்றனர். சிறு உறுப்புகளிலுள்ள துருவைச் சலவைச் சோடா கரைத்த நீரில் மின்சாரம் செலுத்தி அகற்றலாம். அவ்வாறு செய்யுங்கால் ஹைட்ரஜன் வாயு எழுமாதலின், திறந்த வெளியில், நெருப்பிற்கு அப்பால் செய்தல் வேண்டும். எதிர்த்தகடாக எவர்சில்வரை இடின் நச்சுப்பொருள் தோன்றும், ஆகவே அதனை விலக்குக. பாஸ்பாரிக் அமிலம் பூசி மேற்றுருவை அடக்குதலும் கையுறையணிந்தார் எவர்க்கும் இயல்வதே.

இனி, தாமே செய்யத் தகாதன எவை? பாரந்தாங்கும் உறுப்புகளின் வெல்டிங்கை முன்னரே கூறினேன். பழைய வண்டிகளின் தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமே உடையது. ஆக்சிஜன்-அசிட்டிலின் சுடர் 3000 பாகை சென்டிகிரேடையும் கடந்த வெப்பமுடையது. மெல்லிய தகட்டில் அதனைச் சற்று நேரம் நிறுத்தினால் துளை விழும். துளை விழாவிடினும் தகடு விரிந்து சுருங்கி அப்பளம்போல் நெளியும். கம்பி ஊட்டும் மின் வெல்டிங்கிலும், ஓரிடத்தில் ஒரு பொட்டு, அது ஆறும்வரை தொலைவில் வேறொரு பொட்டு என்று இடம் மாற்றி மாற்றி இணைத்தாலன்றி இக்கேடு நீங்காது. கீழ்ப்பெட்டித்தகட்டை மாற்றுமுன் கதவு வாயிலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகளைப் பிணைத்து வடிவத்தை நிலைநிறுத்தி, கதவை மாட்டி மாட்டி ஒத்துப் பார்த்தல் வேண்டும். இவையெல்லாம் வாசித்துத் தெரிந்துகொள்ளத் தக்கன. வாசித்தமையாற் செய்துவிடத் தக்கன அல்ல.

வர்ணம் பூசுதலும் அவ்வாறே. 1923-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தார் டூகோ என்னும் விரைவில் உலரும் வர்ணத்தை வெளியிட்டனர். அது வருமுன் ஒரு வண்டிக்கு வர்ணம் பூசி உலர்த்தப் பல நாட்கள், சிற்சில வேளை பல வாரங்கள், சென்றன. அப்பெயர் நம் பட்டறைகளில் இன்றும் வழங்குகின்றது. ஆயின், இன்று பெரிதும் பயன்படும் இரு கலவை வர்ணங்களில் ஐசோசயனேட் என்னும் பொருள் கலந்துள்ளது. தெளிக்கும்போது எழும் அதன் நுண்துளிகளைச் சுவாசித்தல் தீராத ஆஸ்துமாவை விளைக்கும். சாதாரணத் துணிமூடி அதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாய் வழியே ஊட்டும் முகமூடி வேண்டும். வீட்டுக் கொட்டகையில், பிள்ளைகள் விளையாடும் முற்றத்தருகே, இவ்வேலையைச் செய்வது அறியாமை. பழைய வர்ணத்திலும், பழைய இணைப்புகளை நிரப்பிய பற்றாசிலும் ஈயம் கலந்திருக்கும். அதனை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளாக்கலாகாது. பெட்ரோல் தொட்டியைக் கழற்றி அப்பாற் கொண்டுபோகாமல் எவ்விடத்தும் சுடர் மூட்டலாகாது. வெறுந்தொட்டியினுள் தங்கிய ஆவி, நிறைந்த தொட்டியினும் கொடியது.

இங்கே ஒரு தடை எழும். "தொழிலாளரிடம் விட்டால் துருவை வெட்டி அகற்றாமல் அதன்மேல் பட்டியை அப்பி, வர்ணத்தைப் பூசி அனுப்பிவிடுகின்றனரே, ஈராண்டிற்குள் மீண்டும் கொப்புளம் எழுகின்றதே, அதனாலன்றோ நாமே செய்ய விழைகின்றோம்" என்பர். இது பொய்யன்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போன்ற இவ்வேலை பல இடங்களில் நடக்கின்றது. பட்டி, நிமிர்த்திய தகட்டின் நுண்ணிய மேடுபள்ளங்களை நிரவுதற்கு உரிய மெல்லிய பூச்சு. துளையை அடைப்பதற்கு உரியதன்று. அது ஈரத்தை உறிஞ்சுவதால், அடியில் துரு மேலும் விரைந்து வளரும்.

ஆயினும், இக்குற்றத்திற்குத் தொழிலாளர் மட்டுமோ பொறுப்பாவார்? ஒரு மட்கார்டின் அழுகிய பகுதியை வெட்டியெடுத்து, புதுத் தகட்டைத் தட்டித் தட்டி வளைத்து, பொட்டுப் பொட்டாக இணைத்து, தேய்த்து முடிக்கத் தேர்ந்த டிங்கர் ஒருவர்க்குப் பல நாள் வேண்டும். அதையே பட்டியால் மறைக்க ஒரு பிற்பகல் போதும். உடையவர் வந்து, "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டு, நேர்மையாகக் கூறிய தொகையைக் கேட்டு முகஞ்சுளித்து, அடுத்த பட்டறையில் பாதி விலைக்குப் பேசி முடிக்கின்றார். அவ்விலைக்குப் பட்டி ஒன்றே கிடைக்கும். வைத்தியர்க்கும் வழக்கறிஞர்க்கும் கேட்டதைக் கேட்டபடி கொடுக்கும் நாம், தகட்டை உயிர்ப்பிக்கும் கையோடு மட்டும் காய்கறிக் கடையிற் பேரம் பேசுவதுபோற் பேசுகின்றோம். இவ்வாறு நேர்மையான டிங்கர் வேலையிழக்கின்றார். அவர் மகன் அத்தொழிலைக் கற்க மறுக்கின்றான். சுத்தியலையும் அணைகட்டையையும் கொண்டு வெறுந்தகட்டில் வளைவெழுப்பும் அவ்வருந்திறம் கைவிட்டுப் போகுமாயின், பின்னர் எத்துணைப் பணம் கொடுத்தாலும் அதனை வாங்க முடியாது. பழைய வண்டியைக் காக்க விரும்புவோர், அவ்வண்டியைக் காக்கவல்ல தொழிலையும் காத்தல் கடமையன்றோ?

ஆதலால், ஏமாற்றத்திற்கு மருந்து நாமே வெல்டிங் கோலைக் கையில் எடுப்பதன்று. அறிந்தவராய் அருகில் நிற்பதாகும். மலிவு விலையை நாடாமல் முறையான வேலையை நாடுக. அதனை ஒரே தொகையாகப் பேசாமல் பகுதி பகுதியாகப் பேசுக. வெட்டியபின் ஒருமுறை, இணைத்தபின் ஒருமுறை, பட்டியும் வர்ணமும் ஏறுமுன் வெற்றுத் தகடாக ஒருமுறை நேரிற் பார்த்து, அவ்வப்பகுதிக்குரிய பணத்தை அன்றே தாமதமின்றிக் கொடுக்க. தாமே கழற்றித் துலக்கி, குற்றங்களைச் சுண்ணக்கட்டியாற் குறியிட்டுக் கொண்டுசெல்பவரை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது. நல்ல தொழிலாளர் அத்தகையவரை மகிழ்ந்து வரவேற்பர்.

இன்னும் ஒன்று சிந்திக்கத்தக்கது. எல்லாப் பழைய வண்டியையும் புதுக்கித்தான் ஆகவேண்டுமோ? தொழிற்சாலையிற் பூசிய முதல் வர்ணமும் முதல் தகடும் ஒருமுறை அகற்றப்பட்டால் மீளா. பன்னாட்டுப் பழவண்டிக் கழகங்களின் கூட்டமைப்பு 2012-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம், உள்ளதை உள்ளவாறு பேணுதலைப் புதுக்குதலினும் முதன்மையாக மதிக்கின்றது. நம் நாட்டிலும், 2021-ஆம் ஆண்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளிற் சேர்க்கப்பட்ட திருத்தம், முதற்பதிவு செய்து 50 ஆண்டு கடந்ததாய், சட்டம், உடற்கூடு, எஞ்ஜின் ஆகியவற்றில் பெருமாறுதல் செய்யப்படாமல் மூலவடிவில் உள்ள வண்டிக்கே பழவண்டிப் பதிவை அளிக்கின்றது. அவசரப்பட்டு வெட்டுவோர், பேண வேண்டியதையே அழித்துவிடக்கூடும். மேற்றுரு மட்டுமுள்ள வண்டியை நன்கு துலக்கி, துருவை அடக்கி, எண்ணெய் பூசி வைத்தலே சில வேளைகளிற் சிறந்த புதுக்கமாகும். அதனைச் செய்யப் பிறர் கை சிறிதும் வேண்டுவதில்லை.

மாணவ நண்பர்களே, இவ்வளவும் கூறியது உங்கள் ஊக்கத்தைக் கெடுப்பதற்காக அன்று. தகட்டு வேலையைத் தாமே பழக விரும்புவோர்க்கு எளிய தேர்வொன்று சொல்வேன். காயலாங்கடைக்குச் சென்று, அடிவிளிம்பு துருப்பிடித்த பழைய கதவு ஒன்றைச் சிறுவிலைக்கு வாங்குங்கள். தேர்ந்த டிங்கர் ஒருவரை ஆசிரியராகக் கொண்டு, அவர்க்குரிய மதிப்பையும் ஊதியத்தையும் அளித்து, அக்கதவைத் தொடக்கம் முதல் முடிவு வரை உங்கள் கையால் முடியுங்கள். வெட்டுங்கள், வளையுங்கள், இணையுங்கள், தேயுங்கள். செலவழிந்த மணிகளைக் குறித்து வையுங்கள். பின்னர், வண்டியின் மற்றைப் பகுதிகளை எண்ணி அத்தொகையைப் பெருக்கிப் பாருங்கள். அவ்வெண்ணைக் கண்டபின்னும் உள்ளம் தளராது, கதவும் கண்ணுக்கு இனிதாய் அமைந்திருக்குமாயின், வெளித்தகட்டு வேலைக்கு நீங்கள் தகுதியுடையவரே. உள்ளம் தளர்ந்தால் அதனால் இழிவொன்றும் இல்லை. ஒரு கதவின் விலையில் மூன்றாண்டு வீணாகாமற் காத்துக்கொண்டீர்கள். இவ்விருவகையினரும், ஒரு டிங்கரின் கூலி ஏன் அத்தனை என்பதை இனி ஒருபோதும் கேட்கமாட்டார்கள். கல்லூரிப் படிப்பு தராத அவ்வறிவை அக்கதவு தந்துவிடும்.

தொகுத்துக் கூறின்: கழற்றுதலும், துலக்குதலும், சோதித்தலும், குறித்துவைத்தலும், மீண்டும் கோத்தலும் உடையவர் கைக்குரியன. வெளித்தகட்டு வேலை, ஒரு கதவை முடித்துக் காட்டியவர் கைக்குரியது. பாரந்தாங்கும் உறுப்புகளும் வர்ணமும் தொழிலறிந்தார் கைக்குரியன. தன் கை தனக்குதவி என்பது உண்மையே. பல வேளைகளில் அக்கை செய்யக்கூடிய பேருதவி, தன்னினும் தேர்ந்த கையை இனங்கண்டு, அதற்குரிய கூலியை முகமலர்ந்து நீட்டுவதாகும்.